முட்டைக்கோஸ் என்று ஓர் இசைக்குப் பெயர்

ஜெர்மன் மொழியில் 'க்ரௌட்' என்றால் தழை, மூலிகை. அந்நாட்டின் சில பகுதிகளில் முட்டைக்கோஸ். கோஸைச் சீவி உப்பிட்டுப் புளிக்கவைத்தால் அது 'சௌவர்க்ரௌட்'. இரண்டு உலகப் போர்களிலும் எதிரே நின்ற ஜெர்மன் சிப்பாயை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அந்தப் பண்டத்தின் பெயரால் 'க்ரௌட்' என்றே அழைத்தார்கள். தின்பதைச் சொல்லி ஆளை மட்டம் தட்டுவது எல்லா ஊரிலும் உள்ள கெட்ட பழக்கம். போர் முடிந்து கால் நூற்றாண்டு கழித்து அந்த வசையோடு 'ராக்' சேர்ந்து 'க்ரௌட்ராக்' ஆனது. 1970களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த விசித்திரமான இசைத்தட்டுகளுக்குப் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் ஒட்டிவிட்ட பெயர் அது.

பெயர் வருவதற்கு முன்பே ஜெர்மானியர்கள் அந்தச் சொல்லை வைத்து விளையாடியிருக்கிறார்கள். ம்யூனிக்கில் கூட்டுவாழ்க்கை நடத்திய அமோன் ட்யூல் குழு 1969இல் வெளியிட்ட தட்டில், 'சௌவர்க்ரௌட் பேண்ட்' என்ற பிரயோகம் ஒரு பாட்டின் தலைப்பிலேயே இருக்கிறது. 1973இல் ஃபவுஸ்ட் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. தங்கள் நான்காவது ஆல்பத்தின் முதல் உருப்படிக்கு 'க்ரௌட்ராக்' என்றே பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் இரைந்துகொண்டு ஒரே திசையில் போகும் அந்த இசையைக் கேட்டவர்களுக்கு, வசையை எறிந்தவர்கள் மீதே அது திரும்பியது புரிந்திருக்கும்.

ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்கள். பெர்லினின் டேன்ஜரின் ட்ரீம் தாளத்தைக் கைவிட்டு மின்னொலிகளின் நீண்ட அலைகளுக்குள் போனது. ட்யூசல்டார்ஃபின் நொய் குழுவில் கிளவுஸ் டிங்கர் நேர்கோட்டுத் தாளம் ஒன்றை நிமிடக்கணக்கில் விடாமல் அடித்தார். பிற்பாடு அதற்கும் 'மோட்டாரிக்' என்று ஒரு பெயர் வந்தது. டிங்கருக்கு அது பிடிக்கவில்லை, 'அபாச்சி பீட்' என்பதே அவர் விரும்பிய பெயர். ஜெர்மனியிலேயே புழங்கிய 'கோஸ்மிஷே மூஸிக்', அதாவது பிரபஞ்ச இசை, மரியாதையான சொல்தான். ஆனால் அது டேன்ஜரின் ட்ரீம் வகைக்குத்தான் பொருந்தியது.

எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத குழு கொலோனின் 'கேன்'.

1968இல் கேனைத் தொடங்கியவர்கள் ராக் இளைஞர்கள் அல்லர். இர்மின் ஷ்மிட், ஹோல்கர் சூகாய் இருவரும் முப்பதை எட்டியவர்கள். நவீன இசையின் பெரும் பெயரான ஸ்டாக்ஹவுஸனிடம் படித்தவர்கள். ஷ்மிட் 1966இல் நியூயார்க் போனபோது டெரி ரைலி போன்ற இசையமைப்பாளர்களின் இசையைக் கேட்டு, தான் கற்ற செவ்வியல் பாதை மட்டுமே பாதை அல்ல என்ற முடிவோடு திரும்பினார். டிரம்ஸ் வாசித்த யாக்கி லீபஸைட் ஃப்ரீ ஜாஸில் ஊறியவர். தாளத்தையே உடைத்தெறியும் அந்த இசை அலுத்துப்போய், திரும்பத் திரும்ப வரும் ஒரே சுழற்சிக்குள் நுழைய விரும்பினார். கிட்டார் கலைஞர் மிகாயல் கரோலி, சூகாயிடம் பாடம் படித்தவர், பத்து வயது இளையவர். முதல் பாடகர் மால்கம் மூனி ஓர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். 'கேன்' என்ற பெயர் அவர் தேர்ந்ததுதான். அவர் உடல்நலம் குன்றி ஊர் திரும்பியபின், 1970இல் ம்யூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர் டாமோ சுசுகியை சூகாயும் லீபஸைட்டும் கண்டார்கள். அன்றிரவே அவரை மேடையேற்றினார்கள். ஆங்கிலம், ஜப்பானிய மொழி, எந்த மொழியிலும் இல்லாத அசைகள் என எல்லாவற்றையும் கலந்து பாடினார் சுசுகி.

இவர்களின் தொழில்முறை அபூர்வமானது. பாட்டு எழுதிக்கொண்டு வருபவர் என்று யாரும் இல்லை. பெயரும் பங்கும் எல்லாருக்கும் சமம். மணிக்கணக்கில் சேர்ந்து வாசிப்பார்கள். இரண்டே தடங்கள் கொண்ட பதிவுக் கருவியில் அது பதிவாகும். பிறகு சூகாய் நாடாவை வெட்டி ஒட்டி அதிலிருந்து ஓர் உருப்படியைப் பிரித்தெடுப்பார். 1971இன் 'டாகோ மாகோ' நோர்வெனிக் என்ற ஊரின் கோட்டை மாளிகையில் இப்படித்தான் உருவானது. அதில் 'ஹாலெலூவா' பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும். லீபஸைட் ஒரே தாள அமைப்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பார். அவசரமாகக் கேட்பவருக்கு அது வெறும் இயந்திரம். ஐந்தாறு நிமிடம் பொறுத்தால் ஒவ்வோர் அடியின் அழுத்தமும் சற்றே மாறிக்கொண்டிருப்பது காதில் படும். கிட்டாரும் குரலும் அந்த மாற்றங்களில் கால் வைத்தே நடப்பதும் தெரியும். ராக் இசையில் டிரம்ஸ் கலைஞரின் திறமையை அவருடைய தனி ஆவர்த்தனத்தில் தேடும் பழக்கம் இங்கே செல்லாது.

பின்னர் வைலர்ஸ்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையைப் பிடித்து, எதிரொலியை அடக்கச் சுவரெங்கும் ராணுவ மெத்தைகளை அறைந்து கலையகமாக்கினார்கள். அந்தக் காலத்தில் வந்த 'ஸ்பூன்', தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றின் முகப்பு இசையாகி, ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம்வரை ஏறியது. அதில் லீபஸைட்டோடு ஒரு தாள இயந்திரமும் சேர்ந்து ஒலிக்கிறது. எது மனிதன், எது கருவி என்று பிரித்துப் பார்ப்பதே அந்தப் பாட்டின் சுகம்.

'ஸ்பூன்' இடம்பெற்ற 1972 ஆல்பத்தின் பெயர் 'எகே பாமியாஸி'. துருக்கிய மொழியில் 'ஏஜியன் வெண்டைக்காய்'. உறையில் இருப்பதும் வெண்டைக்காய் அடைத்த தகர டப்பாவே. மேற்கு ஜெர்மனி 1961இல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்தபின், வந்த மக்களோடு அவர்களின் கடைச்சரக்கும் வந்து சேர்ந்தது. குழுவின் பெயரைப் போலவே துருக்கியில் 'can' என்று எழுதி 'ஜான்' என்று படிக்கும் சொல்லுக்கு உயிர் என்று பொருள்; இந்திப் பாட்டுகளில் நாம் கேட்கும் 'ஜான்' அதே பாரசீகச் சொல்தான். புளித்த கோஸ் என்று வெளியிலிருந்து பெயர் வாங்கிய இசைக்கு, உள்ளேயிருந்து வந்த முகம் வந்தேறிகளின் வெண்டைக்காய். ஜெர்மானியர், ஜப்பானியர், அமெரிக்கர், துருக்கிக் கடைச்சரக்கு எல்லாம் கலந்த இதை ஓர் இனத்தின் இசையாகக் கேட்டது எவ்வளவு பெரிய பிழை!

சுசுகி 1973இல் விலகினார். அந்தப் பத்தாண்டின் முடிவில் குழுவும் கலைந்தது. மீட்பு மெல்லத்தான் வந்தது. 1978இல் வந்த 'கேனிபலிசம்' தொகுப்புக்கு பஸ்காக்ஸ் குழுவின் பீட் ஷெல்லி குறிப்பு எழுதினார். 1985இல் தி ஃபால் குழு சுசுகியின் பெயரிலேயே ஒரு பாட்டை வெளியிட்டது. 1995இல் பாடகர் ஜூலியன் கோப், 'க்ரௌட்ராக்சாம்ப்ளர்' என்ற சிறு நூலில் தன் இளமைக்கால மோகத்தை ஒளிவுமறைவின்றிக் கொட்டினார். வசை முழுமையாகப் புகழ்ச்சொல்லாக மாறியதில் அந்நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. கள்ளப் பிரதிகளாகவே குறுந்தகட்டில் உலவிய நொய் ஆல்பங்கள் 2001இல் முறையாக வந்தன. 2007இல் கான்யே வெஸ்ட், 'எகே பாமியாஸி'யின் ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டில் வைத்தார்.

இன்று இசைக்கடைகளில் 'க்ரௌட்ராக்' ஒரு தனி அடுக்கு. புதியவர்கள் கேனைக் கண்டடைவதும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான். புதிதாகத் தொடங்குபவர் 'எகே பாமியாஸி'யில் நுழைந்து, 'டாகோ மாகோ'வுக்குப் போய், பிறகு 2021 முதல் வெளிவரும் மேடைப் பதிவுகளுக்கு வரலாம். அவற்றில் சூகாயின் கத்தரிக்கோல் இல்லை. 1973ஆம் ஆண்டு பாரிஸ் கச்சேரி 2024 பிப்ரவரியில் வந்தது. அதே மாதம்தான் சுசுகி காலமானார். அந்தக் கச்சேரியில் மூன்று நிமிடச் சொச்சப் பாட்டான 'ஸ்பூன்' கட்டவிழ்ந்து நெடுந்தூரம் போகிறது. தாள இயந்திரத்தின் துணையில்லாமலே லீபஸைட் அதைத் தாங்குகிறார்.