தீவகத்துக் கல்வெட்டுகளும் விண்டோஸ் மாற்றமும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன் பின்னர், பழைய கணினியை அப்படியே வைத்திருப்பதா, விண்டோஸ் 11க்கு மாறுவதா என்ற கேள்வி பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் எழுந்துள்ளது. புதிய பதிப்பு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. அது இல்லாத கணினியின் உரிமையாளருக்கு, மாறுவது என்பது பெரும்பாலும் புதிய கணினி வாங்குவது என்றே பொருள்படும்.

யாழ்ப்பாணத் தீவகத்தோடு தொடர்புடையவர்கள் இதே கேள்வியை இருபது ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டார்கள். அப்போது அது வெறும் செலவுக் கணக்காக இருக்கவில்லை. ஊர்களின் எழுதப்பட்ட நினைவு அதிலே தங்கியிருந்தது.

கதையைத் தட்டச்சுப் பொறியிலிருந்தே தொடங்க வேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியிலே பிறந்தவர். மலாயா சென்று, அங்கிருந்தே தமக்குரிய விசைப்பலகையை வகுத்தார். பின்னாளில் கணினிக்குத் தமிழ் வந்தபோது, ஈழத்தவரிடையே மிகப் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு தட்டச்சுப் பொறியின் விசை வரிசையையே பெரும்பாலும் பின்பற்றியது. தட்டச்சுக் கற்றவர் மறுநாளே கணினியில் அமர்ந்து வேலை செய்யலாம். பாமினி வெற்றி பெற்றதன் இரகசியம் இதுவே.

அதன் குறையும் அங்கேதான் இருந்தது. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினி தன் நினைவில் பதிந்துகொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. தமிழ் என்பது அவற்றின் மேல் போர்த்திய சட்டை. எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அக்கோப்பைத் திறந்தால் சட்டை கழன்றுவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். இணையத்தில் 'நயினாதீவு' என்று ஒருங்குறியில் தேடுபவருக்குப் பாமினியில் எழுதப்பட்ட நயினாதீவு அகப்படாது.

1990, 91ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பெரும்பகுதி இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறினார்கள். சிலர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும், சிலர் கொழும்புக்கும், பலர் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றார்கள். காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் கைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். இப்படிச் சிதறிய சமூகம் தன் வரலாற்றை எங்கே எழுதி வைத்தது? கோயில் மலர்களிலும், பாடசாலை மலர்களிலும், எல்லாவற்றுக்கும் மேலாக 'கல்வெட்டு' என்று நாம் அழைக்கும் நினைவு நூல்களிலும்தான். இறந்தவரின் அந்தியேட்டி நாளில் வெளியிடப்படும் அச்சிறு நூலில் தேவாரங்களோடு அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் குலவழியும் ஊரின் சிறப்பும் இடம்பெறும். வரலாற்று ஆசிரியர் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மக்கள் இல்லாமற்போன ஊரொன்றில் யார் எந்த வளவில் வாழ்ந்தார், எங்கே கடை வைத்திருந்தார் என்பதை அறிய அதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இந்நூல்களிற் பெருந்தொகையானவை பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு ஆக்கப்பட்டவை. பழைய விண்டோஸ் 98க்கு 16 மெகாபைட் நினைவகமே போதும். 2001 ஒக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பிக்குக் குறைந்தது 64 வேண்டும். ஒழுங்காக ஓட 128 வேண்டும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது வடக்கே வந்து சேர்ந்த கணினிகள் எல்லாம் புத்தம் புதியவை அல்ல. நெடுந்தீவும் நயினாதீவும் தேசிய மின் வலையமைப்போடு இணையாது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். அங்கே ஒரு கணினி பழுதுபட்டால் அதைக் குறிகாட்டுவானுக்குப் படகிலேற்றி, பின்னர் பஸ்ஸில் யாழ்ப்பாண நகரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஓடுகிற ஒன்றைக் கலைக்க எவருக்கு மனம் வரும்?

மாறியவர்களுக்கு ஒரு பெரும்பயன் இருந்தது. விண்டோஸ் 2000இலிருந்தே லதா எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி ஆதரவு இயங்குதளத்திலேயே வந்துவிட்டது. எக்ஸ்பியிலும் அது உண்டு. ஆனால் சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான ஆதரவை மொழி அமைப்புப் பகுதியில் தனியே இயக்க வேண்டும். அதற்கு நிறுவு தட்டு கையில் இருக்க வேண்டும். தட்டைக் கண்ணாலும் காணாதவரே அந்நாளில் அதிகம். அவர்களுடைய திரையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைப் பார்த்தவர்கள் 'ஒருங்குறி சரிவராது, பாமினியே அழகு' என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. ஒருங்குறியின் மேல் விழுந்த பழிகளிற் பாதி, உண்மையில் இயங்குதள அமைப்பின் மேல் விழுந்திருக்க வேண்டியவை.

இலங்கை அரசு தமிழ்க் குறியீட்டுக்கான எஸ்.எல்.எஸ். 1326 நியமத்தை 2008இல் வெளியிட்டது. அதற்குள் பாமினிக் கோப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 ஜூலையிலும், எக்ஸ்பிக்கானது 2014 ஏப்ரல் 8ஆம் திகதியும் முடிந்தன. பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்போடு அடோபி நிறுவனம் அம்மென்பொருளையே கைவிட்டு இன்டிசைனுக்கு மாறியது. விஸ்டா முதலான பதிப்புகளில் பேஜ்மேக்கருக்கு ஆதரவு இல்லை. இன்டிசைனின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பான சி.எஸ்.6 வரையே பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும், பின்வந்தவை திறக்கமாட்டா. ஆகவே பழைய எக்ஸ்பி கணினியை விடாது வைத்திருந்தவர்களை நாம் பிற்போக்கர் என்று எள்ளுவது நியாயமன்று. தம்மிடம் உள்ளதைத் திறக்கும் சாவி எது என்று அறிந்தவர்கள் அவர்கள். ஒன்றைத்தான் அவர்கள் செய்யத் தவறினார்கள்: சாவி கையில் இருந்தபோதே பெட்டியைத் திறந்து பொருளை வேறிடத்துக்கு மாற்றவில்லை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 2005 ஜனவரியில் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் மலர்களையும் கல்வெட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்திலே சேர்த்து வருகிறது. அச்சிட்ட தாளுக்கு எழுத்துருவும் தேவையில்லை, இயங்குதளமும் தேவையில்லை. கணினியிற் பிறந்த நூல் கணினியிலே தொலைந்து, தாளிலே பிழைத்து, படமாக மீண்டும் கணினிக்கு வந்திருக்கிறது!

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்று, டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்க இந்திய நன்கொடையில் 2022 மார்ச்சில் உடன்பாடு காணப்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் சீராக வந்தால் கணினிகள் கூடும். மாற்றுவதா என்ற கேள்வியும் கூடும்.

இன்னமும் பழைய கணினியை வைத்திருப்பவர் அதை விற்பதற்கு முன் சில காரியங்களைச் செய்தல் நன்று. அதை இணையத்தோடு இணைக்காமல் வைத்து, பேஜ்மேக்கர் கோப்பு ஒவ்வொன்றையும் அங்கேயே திறந்து, உரையை வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கவேண்டும். பின்பு புதிய கணினியில் சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் ஒன்றினூடாக அதனை ஒருங்குறியாக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கல்வெட்டின் கடைசிப் பக்கத்திலே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் ரொறன்ரோ, பாரிஸ் முகவரிகளையும் மாற்றி பாமினி என்றே எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். அவற்றை முன்கூட்டியே பிரித்தெடுத்து, அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும்.