குளிரும் மூளையும்

1812ஆம் ஆண்டின் குளிர்காலம். மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த தொமினிக் லாரே ஒரு முரணைக் கண்டார். நெருப்பருகே கிடத்தப்பட்ட காயம்பட்டவர்கள், குளிரில் கிடந்தவர்களைவிட விரைவில் இறந்தார்கள். கதகதப்பே உயிர் காக்கும் என்ற பொதுப்புத்திக்கு இது நேரெதிர்.

குருதியோட்டம் நின்ற சில நிமிடங்களில் மூளைச் செல்கள் மடியத் தொடங்குகின்றன. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் ஆக்ஸிஜன் தேவையும் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. தேவை குறையக் குறைய, மூளை பட்டினியைத் தாங்கும் நேரம் நீள்கிறது.

1938இல் பிலடெல்பியாவில் டெம்பிள் ஃபே என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் புற்றுநோயாளிகளின் உடலைத் திட்டமிட்டுக் குளிர்வித்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்த அறிவின் மீது அழியாத கறை படிந்தது. 1942-43இல் டாகாவ் வதைமுகாமில் நாஜி மருத்துவர்கள் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்திக் கொன்றார்கள்.

போருக்குப் பின் அறுவை அரங்கு குளிரை மீட்டெடுத்தது. டொராண்டோவில் வில்ஃப்ரெட் பிகிலோ நாய்களிடம் செய்த ஆய்வுகள் வழிகாட்டின. 1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிர்வித்து, இதயத்துக்குள் குருதி வருவதைச் சில நிமிடங்கள் நிறுத்தி, அதைத் திறந்து அதிலிருந்த துளையைத் தைத்தார். சிறுமி பிழைத்தாள்.

இதயம் நின்று மீண்டவர்களைக் குளிர்விக்கும் முயற்சி 1950களின் இறுதியில் தொடங்கியது. பக்கவிளைவுகளுக்கு அஞ்சிப் பின்னர் கைவிடப்பட்டது. 2002இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரு ஆய்வுகள் அதற்கு மறுவாழ்வு தந்தன. ஐரோப்பிய ஆய்வில் குளிர்விக்கப்பட்டவர்களில் 55 சதவீதத்தினர் மூளைச் செயல்பாடு நல்ல நிலையில் மீண்டார்கள். மற்றவர்களில் 39 சதவீதத்தினர். உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் 33 டிகிரியை நம்பின. 2021இல் 1,800க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு, காய்ச்சல் வராமல் தடுப்பதைவிடக் குளிர்விப்பு மேலானதல்ல என்று காட்டியது.

பிறக்கும்போது மூச்சுத்திணறிய சிசுக்களிடம் கதை வேறு. வளமான நாடுகளில் 72 மணிநேரக் குளிர்விப்பு மரணத்தையும் ஊனத்தையும் குறைத்தது. அதை நம்பி இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் 408 சிசுக்களிடம் ஆய்வு செய்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. குளிர்விக்கப்பட்ட சிசுக்களில் 42 சதவீதமும், குளிர்விக்கப்படாதவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தனர். இங்கே மூளைச் சேதம் பிரசவத்துக்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

லாரே பார்த்தது பொய்யல்ல. ஆனால் ஓரிடத்தில் உண்மையானது வேறோர் உடலிலும் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அந்த ஆய்வு நடக்காமல், மேலைநாட்டு வழக்கத்தை நல்லெண்ணத்தோடு அப்படியே பின்பற்றியிருந்தால், நம் தொட்டில்களில் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.