விந்துக்குழாய்க்குள் ஒரு பாலிமர்: இந்திய ஆண் கருத்தடையின் வரலாறும் மனத்தடைகளும்

இரண்டு குழந்தைகள் போதும் என்று ஒரு தம்பதி முடிவெடுத்தால், அறுவை மேசையில் படுப்பவர் பெரும்பாலும் மனைவிதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதமே. தமிழ்நாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: பெண்கள் 57.8, ஆண்கள் 0.1.

இதே நாட்டில்தான், ஆணின் விந்துக்குழாய்க்குள் ஊசியால் செலுத்தும் பாலிமர் ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வில் இருந்துவருகிறது. ஆண் கருத்தடை பின்தங்கியதற்கு அறிவியலின் போதாமை மட்டுமே காரணமன்று. அரசு இழந்த நம்பிக்கையும் பாலுறவு குறித்த சமூக மனப்பான்மையும் அதே அளவு பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆண்கள் முன்நின்ற காலம்

குடும்பக் கட்டுப்பாடு தொடக்கத்திலிருந்தே பெண்களின் பொறுப்பாக இருந்ததில்லை. 1952இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கிய பிறகு, சென்னை மாநில அரசு 1950களின் பிற்பகுதியில் அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமையேற்ற ஆர். ஏ. கோபாலசுவாமி, மாநிலத் தலைமைச் செயலாளராக இதற்கு முனைப்புக் காட்டினார். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. ஏறத்தாழ அனைத்தும் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அக்காலத்தில் 'ஆபரேஷன்' என்றாலே ஆணின் விந்துக்குழாயைத் துண்டிக்கும் வாசக்டமிதான்.

நெருக்கடி நிலை இதைத் தலைகீழாக்கியது. 1976–77 நிதியாண்டில் நடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளில் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கானவை. இலக்கை எட்டியாக வேண்டும் என்ற அழுத்தத்தில் ஊதியமும் உரிமங்களும் அறுவைச் சான்றிதழோடு பிணைக்கப்பட்டன. வட மாநிலச் சிற்றூர்களில் ஆண்கள் வலுக்கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1977இல் ஆட்சி மாறியதும், அடுத்த ஆண்டில் மொத்த அறுவைகள் 10 லட்சத்துக்கும் கீழே சரிந்தன.

சுமை கைமாறியது

திட்டம் நிற்கவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. ஆண்களின் சினத்துக்கு அஞ்சிய அரசுகள் பெண்களிடம் திரும்பின. பிரசவத்துக்கு மருத்துவமனை வரும் பெண்ணிடம், தையல் ஆறுவதற்குள் 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறியாம்மா?' என்று கேட்பது நடைமுறையாயிற்று. வார்டுக்கு வெளியே நிற்கும் கணவரிடம் அந்தக் கேள்வி போவதே அரிது. விளைவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்கள் காட்டின. அங்கு அறுவைக்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். 2016இல் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையையே கைவிடுமாறு பணித்தது.

மருத்துவ நோக்கில் இந்தப் பொறுப்பு மாற்றத்துக்கு நியாயமே இல்லை. பெண்ணுக்கான அறுவையில் வயிற்றறையைத் திறக்க வேண்டும். ஆணுக்கோ 1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறையில், விரைப்பையில் ஊசித்துளை போன்ற ஒரு திறப்பு போதும், தையலே வேண்டாம். 1990களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட முறை இது.

நீர்க்குழாயிலிருந்து உயிர்க்குழாய்க்கு

பொறியாளர் சுஜோய் குஹா, பாலிமர் பூசிய குழாய்களின் வழியே செல்லும் நீரில் கிருமிகளை அழிக்க முடியுமா என்று ஆராய்ந்தவர். அதே வழியை விந்தணுக்கள் செல்லும் குழாயிலும் கையாளலாம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே 'ரைசக்'. இதுபற்றிய அவரது முதல் ஆய்வுரை 1979இல் வெளிவந்தது.

இதன் மூலப்பொருள் ஸ்டைரீன் மாலிக் அன்ஹைட்ரைடு. டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்த இந்தப் பாலிமரில் சுமார் 60 மில்லிகிராமை, பகுதி மயக்க மருந்து கொடுத்து வெளியே எடுத்த விந்துக்குழாய்க்குள் மருத்துவர் மெல்லச் செலுத்துகிறார். மறுபக்கக் குழாயிலும் அவ்வாறே. அது குழாயின் உட்சுவரில் படிந்துகொள்கிறது. கடந்து செல்லும் விந்தணுக்களின் மேற்படலத்தைப் பாலிமரின் மின்னூட்டம் சிதைப்பதால் அவை கருவுறச் செய்யும் திறனை இழக்கின்றன. வாசக்டமியைப் போலக் குழாய் துண்டிக்கப்படுவதில்லை.

1990களில் மனிதர்களிடம் தொடக்கக் கட்டச் சோதனைகள் நடந்தன. 2000களின் தொடக்கத்தில் நச்சுத்தன்மை குறித்த கேள்விகள் எழ, மூன்றாம் கட்டம் நிறுத்தப்பட்டுப் பிறகே தொடர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய அந்தச் சோதனையின் முடிவுகள் 2023இல் வெளியாயின. மணமான 303 ஆண்கள் பங்கேற்று, ஏழு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். கருத்தடைத் திறன் 99.02 சதவீதம், கடுமையான பக்கவிளைவுகள் பதிவாகவில்லை. எனினும், செலுத்திய பாலிமரைக் கரைத்து வெளியேற்றிக் கருவுறுதிறனை மீட்கலாம் என்பது விலங்குகளில்தான் காட்டப்பட்டுள்ளது. மனிதர்களில் அதை நிறுவாதவரை, 'வேண்டும்போது மீளலாம்' என்ற உறுதியை எந்த ஆணுக்கும் அளிக்கக் கூடாது.

ஆண்மை என்னும் அச்சம்

அதே தேசிய ஆய்வில், கருத்தடை பெண்ணின் வேலை, ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கூற்றை 35 சதவீத ஆண்கள் ஏற்றனர். அறுவை செய்தால் 'பலம் போய்விடும்', உழைக்க முடியாது, தாம்பத்தியம் கெடும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. உடலியல் இதற்கு நேர்மாறானது. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் விந்துக்குழாய் வழியே செல்வதில்லை. நேராக இரத்தத்தில் கலக்கிறது. விந்து நீரில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறிது; பெரும்பகுதி குழாய்க்கு அப்பாலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. ஆகவே வேட்கையோ இன்பமோ குறைய உடலியல் காரணம் ஏதுமில்லை.

இந்த அச்சத்துக்கு அடியில் இருப்பது, பெண்ணின் கருப்பையை ஆணும் குடும்பமும் ஆளும் உரிமை. கர்ப்பத்தடையைப் பெண்ணின் உடல்நலம், நாட்டின் பொருளாதாரம் ஆகியவற்றுக்காகப் பிறர் ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று தமிழில் வாதிட்டவர் பெரியார். ஆனால் நடைமுறையில் அந்தக் கருவி பெண்ணுக்கு உரிமையாகாமல் கடமையாகவே வந்து சேர்ந்தது.

முடிவுரை

இந்த வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, கட்டாயம் ஒரு தலைமுறையை மட்டும் காயப்படுத்தவில்லை. ஒரு நல்ல மருத்துவ முறையின் மேலிருந்த நம்பிக்கையையே பல தலைமுறைகளுக்கு அழித்தது. இரண்டாவது, சிறந்த பொருள் கையில் கிடைத்தாலும் அதை யாரிடம், எப்படிக் கேட்டுக் கொடுக்கிறோம் என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

ரைசக் பொதுப் பயன்பாட்டுக்கு வருமானால் இலக்கு எண்களோ ஊக்கத்தொகைப் போட்டியோ அதனோடு வரக் கூடாது. மீட்சி குறித்த மனிதச் சோதனை முதலில் முடிய வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு மாற்றமும் உண்டு. தையலில்லா வாசக்டமி அரசு மருத்துவமனைகளில் இன்றே இலவசமாகக் கிடைக்கிறது. தாயிடம் கேட்கும் கேள்வியை, அதே பொறுமையோடும் அதே முழு விளக்கத்தோடும் தந்தையிடமும் கேட்பதை மகப்பேறு வார்டின் விதியாக்க வேண்டும். மறுக்கும் உரிமையும் இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும். அதற்குப் புதிய பாலிமர் எதுவும் தேவையில்லை.