இரண்டு ஆஷ்கள்

கீழப்பாவூர்க்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் பாவூர்சத்திரத்துக்குத்தான் போக வேண்டும். செங்கோட்டையிலிருந்து வரும் வண்டி அங்கே நின்று, கீழக்கடையம் வழியாகத் திருநெல்வேலி போகிறது. அங்கே வண்டி மாறி வடக்கே போனால் வாஞ்சி மணியாச்சி. செங்கோட்டை, கடையம், மணியாச்சி மூன்றிலும் அயர்லாந்தின் வாடை உண்டு என்பதை நான் வெகுநாள் கழித்தே உணர்ந்தேன்.

கடையம், கவிஞர் பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். புதுச்சேரியை விட்டுவந்த பாரதி 1918 முதல் 1920 வரை அங்கே வாழ்ந்தார். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட நிவேதிதை, அயர்லாந்தின் டங்கானனில் 1867இல் பிறந்த மார்கரெட் நோபிள். 1908இல் வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்க’ளை அவருக்குத்தான் பாரதி காணிக்கையாக்கினார். தேசபக்தியின் உபதேசம் ஓர் ஐரிஷ் பெண்ணிடமிருந்து வந்தது.

மணியாச்சிக்கு வந்த அயர்லாந்து வேறு. 1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷும் அவர் மனைவி மேரியும் கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். போட் மெயில் ரயிலுக்காக மணியாச்சியில் அவர்களுடைய முதல் வகுப்புப் பெட்டி காத்துக்கிடந்தது. மணி பத்தே முக்காலை நெருங்கும்போது அதில் ஏறிய இளைஞர் பிரவுனிங் துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார்; இறங்கி ஓடி, நிலையக் கழிப்பறைக்குள் தன்னையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். செங்கோட்டை வாஞ்சிநாதன். புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவர். வயது 25. சட்டைப் பையில் இருந்த கடிதம், முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜுக்கு எதிராக 3000 பேர் சபதம் பூண்டிருப்பதாகச் சொன்னது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர்ச் சீமை. சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தான். திருநெல்வேலி கலெக்டரின் அதிகாரம் வாஞ்சியின் வீட்டு வாசலில் செல்லாது. ஆனாலும் 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்க ஆஷ் செய்தவை வாஞ்சியின் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தன. சீமை எல்லை அந்தச் சூட்டைத் தடுக்கவில்லை.

ஆஷோ அயர்லாந்தின் லெட்டர்கெனியில் 1872இல் பிறந்து டப்ளினில் படித்தவர். எந்த மகுடத்தின் கீழ் அவர் பிறந்த மண்ணும் இருந்ததோ, அதே மகுடத்துக்காகத்தான் இங்கே ஆண்டார். பாளையங்கோட்டையில் அவருடைய கல்லறை இருக்கிறது. தூத்துக்குடியில் அவருக்கு எழுப்பிய எண்கோண மண்டபமும் நிற்கிறது. வாஞ்சியின் பெயரைத் தாங்கிய நிலையத்தையும் இந்த மண்டபத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அப்படிப் பார்ப்பதுதான் முறை என்பேன். கல்லறையை விட்டுவிட்டு மணியாச்சியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.

அயர்லாந்திலும் ஓர் ஆஷ் இருந்தார் என்று படித்த அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. தாமஸ் ஆஷ், கெர்ரி வட்டாரத்து லிஸ்போலில் 1885இல் பிறந்தவர். வாஞ்சிக்கு ஒரு வயது மூத்தவர். பள்ளிக்கூட வாத்தியார். 1916 ஈஸ்டர் எழுச்சியில் ஆஷ்போர்னில் படை நடத்தி வென்றார். மறு ஆண்டு டப்ளினின் மவுண்ட்ஜாய் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, குழாய் செருகி வலுக்கட்டாயமாக உணவு ஊற்றினார்கள். அதில் உடல் கெட்டு 1917 செப்டம்பர் 25இல் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கல்லறையருகே சீருடையில் நின்று மைக்கேல் காலின்ஸ் சில வார்த்தைகளே பேசினார். லிஸ்போல்காரர்கள் தாமஸ் ஆஷைத் தங்கள் ஊர்ப்பிள்ளையாகக் கொண்டாடுகிறார்கள், செங்கோட்டையார் வாஞ்சியைக் கொண்டாடுவதுபோல.

போன மாதம் மணியாச்சியில் இறங்கி நின்றேன். வெயிலில் வெளுத்த நடைமேடை. தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருந்த ஒரு சிறுவன் மஞ்சள் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். “வாஞ்சின்னா யாரு தாத்தா?” என்று கேட்டான். பெரியவர் டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவனைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.