யார் யாரைத் தாங்குவது?
அசைவுச் சிகிச்சையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையவர்களுக்கான நடனச் சிகிச்சை, அசைவுச் சிகிச்சை பற்றிப் பேசுகிறவர்கள் 'உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது' என்று சொல்லிட்டுப் போயிடுவாங்க. நல்லதுதான். ஆனால் யாருடைய உடம்பு, அதை யார் அசைக்கிறார்கள் என்று கேட்டால் இதன் வரலாறு அவ்வளவு சாதுவானதாக இல்லை.

1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் மரியன் சேஸ் பணியைத் தொடங்கியதிலிருந்துதான் வழக்கமாக இந்தக் கதையைச் சொல்வார்கள். அவர் வேலை செய்தது பெரும்பாலும் மனநோயாளிகளோடு. நான் பேச விரும்பும் கிளை ஜெர்மனியில் தொடங்குகிறது. அதன் வேர் ருடால்ஃப் லாபான்.

எடை, காலம், வெளி, ஓட்டம் ஆகிய நான்கைக் கொண்டு மனித அசைவைப் பகுத்துப் பார்த்தவர் லாபான். 1934 முதல் 1936 வரை நாஜி அரசின் நடன அமைப்புக்குத் தலைமை வகித்தார். பெர்லின் ஒலிம்பிக்கையொட்டி சுமார் ஆயிரம் பேரைக் கொண்டு அவர் அமைத்த கூட்டு நடனத்தை 1936இல் கோயபல்ஸ் தடைசெய்தார். அதன் பிறகே லாபான் வெளியேறி, 1938இல் இங்கிலாந்து சேர்ந்தார். அவர் பதவியிலிருந்த அதே ஆண்டுகளில்தான் 'பிறவி மந்தபுத்தி' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குச் சட்டப்படியே கட்டாயக் கருத்தடை நடந்தது. 1940-41இல் மனநல, ஊனமுற்றோர் விடுதிகளிலிருந்து கொண்டுபோய் விஷவாயுவால் கொல்லப்பட்டவர்கள் சுமார் 70,000 பேர். ஒரே தாளத்தில் அசையும் உடல்களைக் கொண்டாடிய அரசுதான் தாளத்துக்குள் அடங்காத உடல்களை ஒழித்தது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இங்கிலாந்தில் போர்க்காலத்தில் லாபானின் முறை தொழிற்சாலைக்குள் போனது. எஃப்.சி. லாரன்ஸோடு சேர்ந்து தொழிலாளரின் உடல் உழைப்பை ஆராய்ந்தார். இருவரும் எழுதிய 'எஃபர்ட்' 1947இல் வெளிவந்தது. களம்தான் மாறியது. உடலை அளந்து பயன்படுத்துகிற பார்வை அப்படியேதான் இருந்தது.

முறிவு வந்தது அவரிடம் படித்த வெரோனிகா ஷெர்போர்னிடம் (1922-1990). கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளோடு அவர் வேலை செய்தார். அப்பிள்ளைகளை இங்கிலாந்துச் சட்டம் 'கல்வி புகட்ட இயலாதவர்கள்' என்று பள்ளிக்கு வெளியே நிறுத்தி, சுகாதார நிர்வாகத்திடம் விட்டிருந்த காலம் அது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1971இல் அமலான பிறகே பள்ளிக்கதவு எல்லோருக்கும் திறந்தது.

ஷெர்போர்ன் செய்தது எளிமையானது. தரையில் இரண்டு பேர். பெரியவர் மடியில் பிள்ளையை வைத்து ஆட்டுவார். பிறகு ஒருவர் பாறைபோல ஊன்றி உட்கார, மற்றவர் தள்ளிப்பார்ப்பார். பிறகு இருவரும் ஒருவர் எடையை ஒருவர் தாங்குவார்கள். முக்கியமானது, இடம் மாறுவது: பிள்ளை பாறையாகும், பெரியவரைத் தாங்கும். 'சுமை' என்று ஊர் சொன்ன பிள்ளை இன்னொருவரின் சுமையைத் தாங்குகிறது. அளப்பதற்கென்று உருவான மொழி இங்கே உறவுக்கான மொழியாகிறது.

ஆனாலும் வகுப்பை நடத்துபவர் ஆசிரியர்தானே? 'சிகிச்சை' என்றாலே நோயாளி ஒருவர் தேவைப்படுகிறார். 1980இல் லண்டனில் வுல்ஃப்காங் ஸ்டாங்கே தொடங்கிய அமிசி குழுவில் குறைபாடு உடையவர்களும் இல்லாதவர்களும் கலைஞர்களாக ஒரே மேடையில் ஆடினார்கள். சிகிச்சை என்ற சொல்லைத் தாண்டிய நகர்வாக இதைப் பார்க்கிறேன்.

எந்த அசைவு வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பிள்ளை 'நான் ஆடல, போ' என்று உட்கார்ந்துவிட்டால் அங்கே என்ன நடக்கும்?