தரங்கம்பாடி மணலும் கிடைக்காத குருப்பட்டமும்

குருத்துவக் கல்விக்குச் செல்லும் இளைஞன் முதலிற் கற்க வேண்டுவது தாழ்மை என்பர் பெரியோர். மார்ட்டின் லுத்தரும் 1539-இல், ஜெபம், தியானம், சோதனை என்னும் மூன்றுமே ஒருவனை வேதசாஸ்திரியாக்கும் என்று எழுதினார். நூற்கல்வியை அவர் இகழ்ந்தாரல்லர். அவரே பல்கலைக்கழக ஆசிரியர். பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்திலே கூடும் தமிழ் லுத்தரன் சபையாரின் வரலாறு தரங்கம்பாடியிலிருந்து வருவது. அவ்வரலாற்றில் இத்தாழ்மை யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதை ஆராய்வோம்.

சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஹாலே நகரிற் பயின்று, குருப்பட்டமும் பெற்று வந்தவர். அத்தகையவர், தமிழ் உபாத்தியாயர் ஒருவரை அழைத்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றார். குருவாக வந்தவர் மாணாக்கரானார்! அதன் பின்னரே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார்; 1716-இல் உள்நாட்டு ஊழியரைப் பயிற்றும் பாடசாலையையும் திறந்தார்.

கடலூர் வேளாளர் குடியிற் பிறந்த ஆறுமுகம் என்பார் 1718-இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். உடனே அவருக்குக் குருவங்கி அணிவிக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் உபதேசியாராக உழைத்த பின்னரே, 1733 டிசம்பர் 28-ஆம் நாள் அவர் அபிஷேகம் பெற்றார். புராட்டஸ்தாந்து சபையின் முதல் தமிழ்க் குரு அவரே. அவருடைய பொறுமையைக் குறைகூற எவருக்கும் வாயில்லை.

ஆனால் அதே காலத்தில் வேறொருவரும் இருந்தார். இராசநாயக்கர் என்பது அவர் பெயர். தாழ்த்தப்பட்ட குலத்தினர், தஞ்சை மன்னர் படையிற் பணியாற்றியவர். ரோமன் கத்தோலிக்கராயிருந்த அவர், தமிழிற் கிடைத்த வேத நூல்களை வாசித்து லுத்தரன் சபையிற் சேர்ந்து, தஞ்சை நாட்டில் உபதேசியாரானார். பழைய சபையாரின் பகையையும் தாங்கினார். லுத்தர் குறித்த மூன்றாம் பாடமாகிய சோதனையில் அவரினும் தேர்ந்தார் யார்? எனினும் குருப்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. காரணம் யாதெனின், மேற்சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்க இசையார் என்னும் அச்சமே. தரையில் அமர்ந்து தமிழ் கற்றவரின் வழிவந்தோர் இவ்விடத்தில் தடுமாறினர். தாழ்மை ஊழியனுக்கு மட்டும் விதிக்கப்பட்டது. சபைக்கு விலக்கு அளிக்கப்பட்டது!

ஆரோன் அபிஷேகம் பெற்றுச் சரியாக நூறாண்டு கழிந்தும் இந்நோய் தீரவில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே ஒழிக்கக் கட்டளையிட்டார். தஞ்சையிற் பலர் சாதியை விடவில்லை; சபையை விட்டு விலகினர்.

கப்பலேறி மலாயா வந்த நம்மவர் மூட்டைகளில் வேதப்புத்தகமும் இருந்தது, சாதியும் இருந்தது. 1979-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, லுத்தரன் சபைகள் கூடிக் கோலாலம்பூரில் மலேசிய இறையியற் கல்லூரியைத் தொடங்கின. 1998-இல் அது சிரம்பானுக்குப் பெயர்ந்தது. கிள்ளான் தோட்டத்துப் பிள்ளை அங்கே கற்கப் போகுமுன் அவன் சாட்சியையும் ஒழுக்கத்தையும் விசாரிக்கிறோம், விசாரிக்கத்தான் வேண்டும். அவன் குருவாய்த் திரும்பி அப்பத்தை நீட்டும் நாளில், யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் விசாரியாமல் கைநீட்டுவோமா என்று நம்மை யாரும் கேட்பதில்லை.

இராசநாயக்கர் நாற்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து 1771-இல் இறந்தார், உபதேசியாராகவே.