ஆசனத்தைத் தாங்கும் ஆணிகள்

பல ஆண்டுகளுக்கு முன், வீதி விபத்தொன்றின் செய்தி சேகரிக்கச் சென்றபோது கண்ட வான் ஒன்று இன்னமும் என் நினைவை விட்டு அகலவில்லை. அதன் வெளிப்புறம் பெரிதாக நசுங்கியிருக்கவில்லை. உள்ளேயிருந்த ஆசனங்களோ பெயர்ந்து முன்புறமாகக் குவிந்து கிடந்தன. பொருள் ஏற்றும் வானாக வந்ததற்குப் பின்னர் ஏதோவொரு கராஜில் ஆசனம் பூட்டியிருக்கிறார்கள். மெல்லிய தளத் தகட்டில் துளையிட்டு, சிறு வாஷர்களுடன் முடுக்கிய ஆணிகள் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. அன்றைய செய்தியில் வேகத்தைப் பற்றி எழுதினேன். ஆணிகளைப் பற்றி எழுதவில்லை.

அந்த ஆணிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1917ஆம் ஆண்டு விமானப் பயிற்சியின்போது இரு விமானங்கள் மோதின. அதில் உயிர் தப்பியவர் ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கர். தாம் அமர்ந்திருந்த பகுதி சிதையாததே தம்மைக் காத்தது என அவர் கருதினார். 1942இல் கொர்னெல் மருத்துவக் கல்லூரியில் விபத்துக் காயங்கள் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். மனித உடல் தாங்கக்கூடிய மோதலிலும் மனிதர் இறப்பது, அவரைச் சுற்றியுள்ள அமைப்புத் தோற்றுப்போவதாலேயே என்பது அவ்வாய்வுகளின் சாரம்.

1954 டிசம்பர் 10ஆம் திகதி, அமெரிக்க விமானப்படை வைத்தியர் ஜோன் ஸ்டாப் ரொக்கெற் வண்டியில் மணிக்கு 1,017 கிலோமீற்றர் வேகத்தில் சென்று, 1.4 செக்கனில் நிறுத்தப்பட்டார். தம் எடையைப் போல் 46 மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்கி உயிருடன் மீண்டார். உறுதியாகப் பிணைக்கப்பட்ட ஆசனத்தில் உடல் எவ்வளவு தாங்கும் என்பது அன்று வெளிப்பட்டது.

1966இல் ஜனாதிபதி ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதன்கீழ் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 207ஆம் இலக்க நியமம், ஆசனத்தின் பிணைப்பு அதன் எடையைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்றது. 20 கிலோ எடையுள்ள ஆசனமாயின், வெறும் ஆசனத்துக்கே 400 கிலோ எடைக்குச் சமமான விசை. ஆசனப்பட்டியும் ஆசனத்திலேயே பூட்டப்பட்டிருந்தால், அமர்ந்திருப்பவரின் சுமையும் அதே ஆணிகளின்மீது சேரும்.

தொழிற்சாலையில் ஆசன ஆணி இறங்கும் இடத்தில் தளத்தை வலுவூட்டியிருப்பது இதனாற்றான். விருப்பத்துக்கேற்ற ஆசனம் பூட்டுவோர் அந்த இடங்களைக் கைவிட்டுப் புதுத்துளை இடும்போது அந்த வலுவையும் கைவிடுகிறார்கள். பழைய துளைகளுக்குப் பொருந்தும் உருக்குத் தாங்கி ஒன்றைச் செய்வித்து, அதன்மேல் ஆசனத்தை ஏற்றுவதே உகந்தது. பந்தயக் கார்களில் பிணைப்பை மாற்றுவோருக்குச் சர்வதேச மோட்டார் சம்மேளனம் விதித்திருப்பதைப் பாருங்கள்: ஓர் ஆசனத்துக்குக் குறைந்தது நான்கு பிணைப்பிடங்கள், 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆணிகள், தளத்தின் அடியில் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு, ஒவ்வோர் இடத்திலும் 40 சதுர சென்ரிமீற்றர் தொடுபரப்பு. சிறு வாஷர் எங்கே, இது எங்கே!

இலங்கையில் 2011 ஒக்டோபரில் முன்னாசனங்களில் ஆசனப்பட்டி கட்டாயமாயிற்று. பட்டியைப் பொலிஸார் வீதியில் நின்றே பார்த்துவிடலாம். விரிப்பின் அடியிலுள்ள ஆணியை அவ்வாறு பார்க்க இயலாது. வாகனத்தில் ஆசனம் மாற்றியிருப்பவர்கள் ஒருமுறை விரிப்பை நீக்கி, அடியில் என்ன வைத்துப் பூட்டியிருக்கிறது என்று காட்டும்படி கராஜ்காரரிடம் கேளுங்கள். அன்று நான் எழுதத் தவறிய செய்தி இதுதான்.